டர்பன் வீடுகளில் போடும் ஒயின்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பிப்ரவரி, மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டப் பகுதியான கேப் பக்கத்திலிருந்து திராட்சைப் பெட்டிகள் டர்பனுக்கு வந்து இறங்கும். ஊரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பக்கெட்டும் கண்ணாடிக் குடுவையும் அலமாரியை விட்டு வெளியே வரும். அடுத்த வாரமே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, குமிழியே வரல." "அண்ணா, முட்டை நாத்தம் அடிக்குது." வருடா வருடம் இதே கேள்விகள்தான். அவற்றுக்குச் சொல்லிவரும் பதில்களை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் திராட்சை இல்லை. நம் ஊர் வெக்கையும் குடுவைக்குள் புகும் காற்றும்தான்.

எந்தப் பொடியையும் கொட்டுவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுங்கள். ஹைட்ரோமீட்டரில் சர்க்கரை, தெர்மாமீட்டரில் சூடு. இந்த இரண்டும் தெரியாமல் போனில் யாரும் உங்களுக்கு வழி சொல்ல முடியாது. நல்ல ஒயின் திராட்சைச் சாறு 22 முதல் 24 பாலிங் காட்டும் (பாலிங் என்பது 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற கணக்கு). அடர்த்தி எண்ணில் சொன்னால் சுமார் 1.092 முதல் 1.101. நொதித்து முடிந்ததும் அது 0.990க்கும் 0.998க்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். தினமும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

## ஈஸ்ட் போட்டு இரண்டு நாளாகியும் குமிழி இல்லை

அளவு இறங்குகிறது, குமிழி மட்டும் இல்லை. இதுதான் அதிகம் நடப்பது. பக்கெட் மூடி சரியாக உட்காராமல் வாயு ஓரத்தில் கசிகிறது, அதனால் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான்) அசையவில்லை. ஒயினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து அழுத்திப் போட்டால் போதும்.

அளவு இறங்கவே இல்லை. முதலில் சூட்டைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாறு 12 பாகைக்குக் கீழே இருந்தால் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும், வெளியே வைத்தால் எழுந்துவிடும். அடுத்து சல்பைட் பொடி. 20 லிட்டருக்கு 1.75 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு கிடைக்கும். நொதிக்கும் முன் அதுவே தாராளம். கண்ணளவில் ஸ்பூனில் அள்ளிப் போட்டிருந்தால் அளவு மீறியிருக்கும். நன்றாகக் கலக்கி, துணியால் மூடி ஒரு நாள் விட்டு, புதிய ஈஸ்ட்டைப் போடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அந்தப் பொடியை அவர்கள் பக்கத்தில் திறக்க வேண்டாம்.

பெட்டியில் அடைத்த சாறு வாங்கிப் போட்டீர்களா? அட்டையைப் படியுங்கள். கெடாமல் வைக்கும் சார்பேட்டோ பென்சோயேட்டோ சேர்த்திருந்தால் அது நொதிக்காது. அதோடு மல்லுக்கட்டாமல் அப்படியே குடித்துவிடலாம்.

## பாதியில் நின்றுவிட்டது, இன்னும் இனிக்கிறது

நோட்டில் மூன்று நாளாக ஒரே எண், அதுவும் 1.010க்கு மேலே நிற்கிறது என்றால் நொதித்தல் நின்றுவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் அதிக ஒயினைக் காவு வாங்குவது இதுதான்.

சூடு ஏறியதால். பிப்ரவரியில் டர்பனில் பகல் 28 பாகையைத் தொடும். நொதிக்கும் சாறு தானும் சூட்டைக் கிளப்பும் என்பதால் அறையைவிடப் பல பாகை கூடுதலாகவே இருக்கும். சிவப்பு ஒயினில் தோல்கள் மேலே எழுந்து தடித்த அடுக்காக நிற்குமே, அதற்குள் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். பக்கெட்டின் அடியில் 28 என்றால் அங்கே 34 காட்டும். 32ஐத் தாண்டினால் ஈஸ்ட் தளரும், சாராயம் ஏறிய சாற்றில் 35க்கு மேல் செத்துப்போகும். சிவப்புக்கு 22 முதல் 28, வெள்ளைக்கு 12 முதல் 16 பாகைதான் சரி. கேப்பில் குளிரூட்டும் தொட்டி செய்கிற வேலையை இங்கே நாம் கையால் செய்ய வேண்டும். பக்கெட்டை ஒரு பெரிய டப்பில் தண்ணீருக்குள் நிறுத்தி, உறைய வைத்த இரண்டு லிட்டர் பாட்டில்களைக் காலையும் மாலையும் தண்ணீரில் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரத் துண்டைச் சுற்றி மின்விசிறியும் வைத்தால் இன்னும் இறங்கும். லோட்ஷெடிங் நாட்களில் ஃபிரிட்ஜை நம்பியவர்களின் வெள்ளை ஒயின் கெட்டது, ஐஸ் பாட்டில் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். தோல் அடுக்கைத் தினம் இரண்டு மூன்று முறை கீழே அமுக்கிக் கலக்கினால் சூடு ஒரே இடத்தில் தேங்காது.

சர்க்கரை அதிகமானதால். "திராட்சைக்குச் சரிபாதி சர்க்கரை" என்று பழைய குறிப்புகள் சொல்லும். அப்படிப் போட்டால் ஈஸ்ட் பாதி வழியிலேயே சாராயத்தில் மூழ்கிவிடும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை சுமார் 1 சதவீதம் சாராயமாக மாறும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 26 பாலிங்குக்கு மேல் போகவே வேண்டாம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி விற்பனைக்கு நுரையில்லாத சாதாரண ஒயின் செய்கிறவர்கள் சர்க்கரையே சேர்க்கக் கூடாது. இங்கே வெயிலில் பழுத்த ஒயின் திராட்சைக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

ரொட்டி ஈஸ்ட் போட்டதால். தொடங்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும், சாராயம் ஏற ஏறச் சோர்ந்துவிடும். வீட்டில் ஒயின், பீர் போடுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஹோம்ப்ரூ கடையில் ஒயின் ஈஸ்ட் சிறு பாக்கெட்டில் கிடைக்கிறது. அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மீண்டும் ஓட்டுவது எப்படி. நின்றுபோன ஒயினில் புது ஈஸ்ட்டை நேராகத் தூவினால் அதுவும் சாகும். ஒயினை மண்டியை விட்டு வடித்து மாற்றுங்கள். 20 லிட்டருக்கு 10 கிராம் வீதம் சாராயம் தாங்கும் ஈஸ்ட் எடுங்கள், இ.சி. 1118 அல்லது என் 96 போன்றது. 37 பாகை வெதுவெதுப்பான 100 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும். அரை லிட்டர் திராட்சைச் சாற்றை அதில் சேர்த்து, நன்றாக நுரைத்ததும் அதே அளவு நின்றுபோன ஒயினைச் சேருங்கள். மறுபடி நுரைத்ததும் இன்னொரு பங்கு. பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான், உறை உயிரோடு இருந்தால்தான் மற்றது மாறும். இப்படி இரண்டு நாளில் மொத்தத்தையும் சேர்த்து முடித்து 20 முதல் 25 பாகையில் வையுங்கள். சேர்க்கும் இரண்டுக்கும் நடுவே சூட்டு வித்தியாசம் 10 பாகையைத் தாண்டக் கூடாது. ஈஸ்ட் உணவாக விற்கும் டி.ஏ.பி. பொடியை இந்தக் கட்டத்தில் போட்டுப் பயனில்லை. சாராயம் ஏறிய ஒயினில் ஈஸ்ட் அதை உறிஞ்சாது.

ஒரு முறை இப்படிச் செய்தும் ஓடவில்லையென்றால் இரண்டாம் முறை முயலும் முன் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். இனிப்பான, காத்திருக்கும் ஒயினில் பாக்டீரியா குடியேற அதிக நாள் ஆகாது.

## அழுகிய முட்டை நாற்றம்

இது ஹைட்ரஜன் சல்பைடு. பயமுறுத்தும், ஆனால் சீக்கிரம் பிடித்தால் முழுதாகப் போய்விடும். நாள் தள்ளத் தள்ளத்தான் கஷ்டம்.

நொதித்துக்கொண்டிருக்கும்போது வந்தால், ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதவில்லை. சர்க்கரை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் லிட்டருக்கு 0.2 கிராம் டி.ஏ.பி.யைக் கொஞ்சம் சாற்றில் கரைத்து ஊற்றுங்கள். சிவப்பு ஒயின் என்றால் காற்றுப் படும்படி நன்றாகக் கலக்குங்கள். ஒரு நாளில் நாற்றம் குறைய வேண்டும். சூடு ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் அந்தக் காரணத்தாலும் இது வரும்.

நொதித்து முடிந்தபின் வந்தால், காரணம் அடியில் கிடக்கும் தடித்த மண்டி. குழாயின் முனையை உயர்த்திப் பிடித்து, ஒயின் சளசளவென்று விழும்படி வேறு குடுவைக்கு மாற்றுங்கள். மாற்றிய உடனே 20 லிட்டருக்கு 1 கிராம் சல்பைட் பொடி.

கண்டுபிடிக்க ஒரு சோதனை. ஒரு கிளாசில் ஒயின் ஊற்றி, உப்புக்காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பியைப் போட்டுச் சுழற்றுங்கள். சில நிமிடத்தில் நாற்றம் போனால் இந்தக் கோளாறுதான். அந்தக் கிளாசைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெள்ளை ஒயினில் இது வராமலிருக்கத் தொடக்கத்திலேயே வழி செய்துவிடலாம். கேப்பில் பூஞ்சை வராமல் கொடிகளுக்குக் கந்தகத் தூள் தூவுவார்கள். அது பழத்தோடு ஒட்டி வரும். பிழிந்த சாற்றை ஓர் இரவு குளிரில் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் வடித்து எடுத்தால் கந்தகத்தில் நிறைய மண்டியோடு போய்விடும்.

வடித்து மாற்றி ஒரு வாரமாகியும் நாற்றம் இருந்தாலோ, அது பூண்டு, வெங்காயம், எரிந்த ரப்பர் வாசனைக்கு மாறினாலோ, நிறுத்துங்கள். அடுத்த மருந்து காப்பர் சல்பேட். அது விஷம். எவ்வளவு போடுவது என்பதை ஆய்வகத்தில் மில்லிகிராம் கணக்கில் சோதித்துத்தான் சொல்ல முடியும். வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

## வினிகர் வாடை, அல்லது நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை

முதலில் ஒரு நல்ல செய்தி. பினோட்டாஜ் போட்டவர்கள் உடனே பதற வேண்டாம். 1925இல் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரோல்ட் பினோ நுவாரையும் சின்சோவையும் கலந்து உருவாக்கிய இந்த ரகம், நொதிக்கும் நாட்களில் வாழைப்பழமும் பசையும் கலந்த மாதிரி வாசனை விடும். மூடி சில வாரம் வைத்தால் மங்கிவிடும். மூக்கில் மட்டும் வாசனை, தொண்டையில் எரிச்சல் இல்லை என்றால் பொறுத்திருங்கள். தொண்டையில் காட்டமாக எரிந்தால் அசிட்டிக் அமிலம் ஏறியிருக்கிறது.

அந்தப் பாக்டீரியா காற்றில்லாமல் வளராது. ஆகவே காற்று எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். ஏர்லாக் தண்ணீர் இந்த வெக்கையில் மளமளவென்று வற்றும், வாரம் ஒரு முறை ஊற்ற வேண்டும். குடுவையின் கழுத்துவரை ஒயின் இருக்கிறதா? பாதிக் குடுவையை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டது காரணமாக இருக்கலாம். சிவப்பில் தோல் அடுக்கைக் கலக்காமல் காயவிட்டாலும் இது வரும். பழ ஈக்கள் இந்தப் பாக்டீரியாவைக் காலில் சுமந்துகொண்டு வரும், மூடாத பக்கெட்டுக்குள் ஒன்று விழுந்தாலே போதும்.

மெல்லிசாகத்தான் தெரிகிறது என்றால் குடுவையை விளிம்புவரை நிரப்பி, 20 லிட்டருக்கு 1.75 கிராம் சல்பைட் போட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இருப்பது போகாது, மேலே ஏறாமல் நிற்கும். அதைச் சீக்கிரம் குடித்துவிடுவது நல்லது. நன்றாக ஏறிவிட்டதென்றால் வீட்டில் திருப்ப வழியே இல்லை. சுண்ணாம்பு, சோடா உப்பு போட்டுப் புளிப்பை அடக்கலாம் என்பார்கள். அது மற்ற அமிலத்தைத்தான் தின்னும், வாடை அப்படியே இருக்கும். பெரிய ஆலைகளில் சவ்வு வழியே வடித்து அசிட்டிக் அமிலத்தை எடுக்கிறார்கள், 20 லிட்டருக்கு அது கட்டுப்படியாகாது. துணியால் மூடி வேறு அறையில் வைத்து முழு வினிகராக்குங்கள். மாங்காய் அச்சாருக்கு அருமையாக இருக்கும். அந்தப் பாத்திரத்தையும் குழாயையும் மறுபடி ஒயினுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

## மேலே வெள்ளை ஆடை

மெல்லிய, மடிப்பு மடிப்பான ஆடை என்றால் அது காற்றில் வளரும் ஒருவகை ஈஸ்ட். காரணம் குடுவையின் மேலே விட்ட இடைவெளி. ஆடையைக் கலைக்காமல் குழாயை அடியில் விட்டு ஒயினை வடியுங்கள், கடைசி இரண்டு அங்குலத்தை விட்டுவிடுங்கள். புதுக் குடுவையை முழுக்க நிரப்பி சல்பைட் போடுங்கள். நிரப்ப ஒயின் போதவில்லையா, சிறிய குடுவைக்கு மாற்றுங்கள். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு போல இருந்தால் அது பூஞ்சை, கொட்டிவிடுங்கள்.

## வெள்ளை ஒயின் பழுப்பாகிறது

அடிபட்ட ஆப்பிள் வாசனையும் சேர்ந்திருந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. லேசாக என்றால் சல்பைட் கொஞ்சம் மீட்கும். நிறம் தேநீர் அளவுக்கு வந்துவிட்டால் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## கலங்கல் தெளியவில்லை

முதல் மருந்து பொறுமை. குளிர்ந்த இடத்தில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், ஈஸ்ட் தானாக மண்டியாகப் படியும். ஹைட்ரோமீட்டர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் நொதித்தலே முடியவில்லை.

அதற்குப் பிறகும் கலங்கல் என்றால் இரண்டு சோதனைகள். ஒரு பங்கு ஒயினோடு நான்கு பங்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட் கலந்து வையுங்கள். நூல் நூலாகவோ கட்டியாகவோ திரண்டால் பெக்டின், அதற்குப் பெக்டின் நொதிப்பொடி போட வேண்டும். அந்தக் கலவை விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் உடனே கொட்டுங்கள். திரளவில்லையென்றால் இன்னொரு மாதிரியை நன்றாக வடிகட்டி, சில மணி நேரம் 80 பாகை வெந்நீரில் நிறுத்தி ஆறவிடுங்கள். மங்கலாகிவிட்டால் புரதம். ஹானெபூட் திராட்சையில் இது சகஜம். லிட்டருக்கு 0.5 முதல் 1 கிராம் பென்டோனைட் களிமண்ணை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, கலக்கி ஊற்றி, ஒரு வாரம் கழித்து வடியுங்கள்.

அடியில் கண்ணாடித் துகள் போல மின்னுகிறதா? அது உடைந்த கண்ணாடி இல்லை. டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம், சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை. நம் வீடுகளில் ஒயின் முதன்முதலில் ஃபிரிட்ஜுக்குள் போகும்போதுதான் இது விழும். பிடிக்கவில்லையென்றால் பாட்டிலில் அடைக்கும் முன்பே இரண்டு வாரம் குளிரில் வைத்து வடித்துவிடுங்கள்.

## பாட்டிலில் நுரை, கார்க் மேலே தள்ளுகிறது

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பாட்டில்களைக் கவனியுங்கள். தடித்த துணியைப் போர்த்தி, முகத்துக்கு நேரே பிடிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்தபின் துணியோடு பிடித்து ஒவ்வொன்றாகத் திறங்கள். கேப் கிளாசிக் எனும் நுரை ஒயின் செய்கிறவர்கள் லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரையை வேண்டுமென்றே சேர்த்து பாட்டிலுக்குள் நொதிக்க விடுகிறார்கள். உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம் ஏறும், அதற்கென்று செய்த கனத்த பாட்டில் தாங்கும். சாதாரண ஒயின் பாட்டில் வெடிக்கும்.

திறந்தபின் ஹைட்ரோமீட்டர் வையுங்கள். 1.000க்கு மேலே என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே அடைத்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் மெதுவாகக் குடுவைக்குத் திருப்பி ஊற்றி ஏர்லாக் போடுங்கள். அளவு இரண்டு வாரம் அசையாமல் நிற்கட்டும், அப்புறம் சல்பைட், அப்புறம் பாட்டில். அளவு 0.993 போல இறங்கியிருந்தும் நுரை வந்தால், மாலிக் அமிலத்தை லாக்டிக் பாக்டீரியா மாற்றிக்கொண்டிருக்கிறது. மருந்து அதேதான். இனிப்பாக வேண்டும் என்பவர்கள் குடிக்கும்போது கிளாசில் சர்க்கரைப் பாகு சேர்த்துக்கொள்ளட்டும்.

## எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

பார்லிங்கா, விதையில்லாத் திராட்சை இரண்டும் சாப்பிடுவதற்கான ரகங்கள். அவற்றில் புளிப்பும் வாசனையும் குறைவு, பெரும்பாலும் சர்க்கரையும் போதாது. ஹானெபூட்டில் மணம் தாராளம், புளிப்பு கம்மி. ஷெனின் ப்ளாங்க் கிடைத்தால் இந்தக் கவலை குறையும், வெயிலிலும் அது புளிப்பை விடாத பழம்.

ஹோம்ப்ரூ கடைகளில் கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தை 10 கிராம் எடுத்து, மொத்தம் 100 மில்லி வரும்படி தண்ணீரில் கரையுங்கள். 100 மில்லி ஒயினில் அந்தக் கரைசல் 1 மில்லி விட்டால் லிட்டருக்கு 1 கிராம் சேர்த்த கணக்கு. மூன்று கிளாசில் அரை, ஒன்று, ஒன்றரை மில்லி விட்டு ருசி பாருங்கள். பிடித்த அளவை மொத்தத்துக்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் புளியில் இருப்பதும் இதே டார்டாரிக் அமிலம்தான். ஆனாலும் புளியைக் கரைத்து ஊற்றாதீர்கள், நிறமும் பெக்டினும் கூடவே வந்து ஒயினைக் குழப்பும். எலுமிச்சையும் வேண்டாம், அதன் சிட்ரிக் அமிலத்தைப் பாக்டீரியா அசிட்டிக்காக மாற்றக்கூடும்.

## சரிசெய்ய முடியாத மூன்று வாடைகள்

ஈர அட்டைப்பெட்டி வாடை கார்க்கிலிருந்தோ, குளோரின் ப்ளீச் போட்டுக் கழுவிய மரத்திலிருந்தோ வருவது. ஒயின் பாத்திரம் எதற்கும் ப்ளீச் தொடக் கூடாது. கசக்கிய ஜெரேனியம் இலை வாடை, பாக்டீரியா இருந்த ஒயினில் சார்பேட் போட்டதால் வருவது. எலிக்கூண்டு வாடை மூக்குக்குத் தெரியாது, விழுங்கிய பின்தான் வாயில் எழும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மூன்றுக்கும் மருந்து இல்லை. நல்ல ஒயினோடு கலந்து மறைக்கப் பார்த்தால் அதையும் சேர்த்து இழப்பீர்கள்.

## ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

5 லிட்டர் குடுவைக்காக ஆய்வகச் செலவு செய்ய வேண்டாம். 20 லிட்டருக்கு மேலே இருந்தால், அல்லது நாலைந்து வீடுகள் சேர்ந்து போட்டது என்றால் செய்யுங்கள். ஸ்டெல்லன்போஷ், பார்ல் பக்கம் ஒயின் ஆய்வகங்கள் இருக்கின்றன, கூரியரில் அனுப்பலாம். சுத்தமான பாட்டிலில் காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, குளிர வைத்து, வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு முழுக்க வேனில் வெந்துகொண்டிருக்கும். பி.எச்., மொத்த அமிலம், அசிட்டிக் அமிலம், மிச்சச் சர்க்கரை, கட்டற்ற சல்பைட் என்ற ஐந்தையும் கேளுங்கள். நோட்டில் குறித்த அளவுகளையும், எந்தப் பொடியை எந்தத் தேதியில் எத்தனை கிராம் போட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி பாட்டிலோடு வையுங்கள்.